22 வருஷ ஷிங்கிள் கூரையை பிச்சு மாத்தினேன், ஒழுகல் எங்கேர்ந்து வந்துச்சுன்னு அப்பதான் தெரிஞ்சுது

நேத்து ராத்திரி காத்தோட நல்ல மழை, மூணு மணி இருக்கும், தூக்கம் வரல, டார்ச்ச எடுத்துட்டு கூரைக்கு அடியில இருக்குற அட்டிக்ல ஏறி சுவர் ஓரமா இருக்குற கூரை பிளைவுட்டுக்கு அடியில கைய வெச்சு தடவிப் பார்த்தேன். காஞ்சு போயிருந்துச்சு. ரெண்டு வருஷமா அதே இடத்துல கை வெச்சா ஈரம்தான். அதனாலதான் இத இப்ப எழுதுறேன், மறக்குறதுக்குள்ள அளவெல்லாம் எங்கயாவது எழுதி வெச்சுடணும்.

கூரைக்கு 22 வயசு. பழைய மூணு பட்டை ஷிங்கிள், அதாவது ஓடு மாதிரி வரிசையா ஆணி அடிக்கிற தார் அட்டை, ஓரமெல்லாம் சுருண்டு மேல தூக்கிட்டு நின்னுச்சு, கூரைத் தண்ணி வடியுற கட்டர சுத்தம் பண்ணும்போதெல்லாம் ரெண்டு கை நிறைய கருமணல் வரும், அது ஷிங்கிள் மேல இருக்குற துகள்தான், அது உதிர்ந்துட்டா அடியில இருக்குற தாரு வெயில்ல வெந்து வெடிக்க ஆரம்பிச்சுடும். கீழ் ரூம் சீலிங் மூலைல தட்டு அளவுக்கு ஒரு பழுப்புக் கறை. அது வந்த ஒவ்வொரு தடவையும் நான் மேல ஏறி, சின்ன கூரை மாடிச் சுவர்ல வந்து முட்டுற இடத்துல தார் பேஸ்ட்ட பூசிட்டு வருவேன். மூணு தடவை பூசினேன், மூணு தடவையும் அடுத்த பெருமழைல கறை இன்னும் கொஞ்சம் பெருசாச்சு. ஷிங்கிள் செத்துப்போச்சு, மாத்தினா சரியாயிடும்னு நான் நினைச்சதுல பாதிதான் உண்மை.

மொத தப்பு அளவெடுக்கும்போதே. தரைல நின்னு டேப் பிடிச்சு, ஓர நீட்டலையும் சேர்த்து, 1700 சதுர அடின்னு கணக்கு போட்டேன். கூரை சரிவா இருக்கு, சரிவுல நீளம் அதிகம்ங்கறது தெரியாத விஷயம் இல்ல, ஆனா கணக்குல சேர்க்காம விட்டுட்டேன். நம்ம கூரை 12 அங்குலம் கிடையா போனா 6 அங்குலம் ஏறுது, ரசமட்டத்துல 12 அங்குலத்துல ஒரு கோடு போட்டு கூரை மேல மட்டமா பிடிச்சு, அந்தக் கோட்டுலேர்ந்து கூரை வரைக்கும் செங்குத்தா அளந்தா தெரிஞ்சுடும். அந்த சரிவுக்கு 1.118 ஆல பெருக்கணும். 1700, 1900 ஆயிடுச்சு. 100 சதுர அடிய ஒரு ஸ்கொயர்னு சொல்லுவாங்க, ஒரு ஸ்கொயருக்கு 3 கட்டு ஷிங்கிள். நான் 17 ஸ்கொயர்னு வெச்சு வேஸ்ட்டுக்கு கொஞ்சம் சேர்த்து 56 கட்டு வாங்கிட்டேன். உண்மைல தேவைப்பட்டது 64, ரெண்டு சரிவு வந்து சேருற பள்ளம் நம்ம வீட்ல ரெண்டு இருக்கு, அங்க வெட்டி வீசறதே நிறைய. பாதி வேலைல 10 கட்டு மறுபடி வாங்க வேண்டியதாச்சு, அந்த பத்தும் வேற லாட், அதாவது வேற தடவை தயாரிச்சது. பேர் அதே, கலர் அதே, பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா ஒண்ணு லேசா சிவப்படிக்குது. நல்லவேளை அடிக்கிறதுக்கு முன்னாடி லாட் நம்பரப் பார்த்தேன், அந்த பத்தையும் பின்பக்க ஒரே சரிவுக்கு ஒதுக்கிட்டேன், ஒரு சரிவு முழுக்க ஒரே லாட்னா கண்ணுக்குத் தெரியாது.

ஒரு கட்டு 32 கிலோ கிட்ட. முதல் நாள் நானும் என் மச்சினனும் தோள்ல வெச்சு ஏணில 12 கட்டு ஏத்தினோம், பதிமூணாவது கட்டுல அவன் ஏணி நடுவுலயே நின்னுட்டான். "மாமா, இது ரெண்டு டன்னு மாமா, நாம ரெண்டு பேரு" அப்படின்னான். அவன் சொன்னது சரி, மதியமே போய் கட்டு ஏத்துற பெல்ட் ஏணி ஒண்ண வாடகைக்கு எடுத்தேன், மிச்ச 44 கட்டும் ரெண்டு மணி நேரத்துல மேல போயிடுச்சு. ஏத்துன கட்டெல்லாம் ஒரே இடத்துல அடுக்காதீங்க, மோட்டு ஓரமா, அதாவது கூரை உச்சி ஓரமா, நீளத்துக்கு பரப்பி வைங்க, கைமரம் எல்லாத்துக்கும் பாரம் பிரியணும். இன்னொண்ணு, கட்டு ஏத்தினத நான் பழச பிக்கிறதுக்கு முன்னாடியே பண்ணிட்டேன், அப்புறம் பிக்கப் பிக்க அதையே இங்கயும் அங்கயும் நகர்த்திட்டு இருந்தோம். பிச்சு முடிச்சுட்டு ஏத்தணும்.

கீழ விழாம இருக்க போடுற பெல்ட்டு, கயிறு விஷயத்துல மட்டும் நான் யார் பேச்சையும் கேட்கல. மோட்டுல கைமரத்துக்கு நேரா ஆணி இறங்கற மாதிரி கயிறு மாட்டுற ஆங்கர் அடிச்சு, ரெண்டு பேருக்கும் தனித்தனி கயிறு. வெறும் பிளைவுட்ல அடிச்ச ஆங்கர் ஒரு உதறலுக்கே கையோட வந்துடும், அதனால அட்டிக்லேர்ந்து கைமரம் எங்க போகுதுன்னு பார்த்து மேல கோடு போட்டுட்டு தான் அடிச்சேன். மச்சினன் "இந்த சரிவுக்கு எதுக்கு மாமா" ன்னான். ரெண்டாவது நாள் காலைல, உதிர்ந்த துகள் மேல அவன் கால் வெச்சதும் குண்டுமணி மேல நிக்கிற மாதிரி வழுக்கி மூணு அடி கீழ போனான், கயிறு இறுகி நின்னுச்சு. எழுந்து உக்காந்தான், ஒண்ணும் பேசல, நானும் பேசல, பத்து நிமிஷம் ரெண்டு பேரும் தண்ணி குடிச்சுட்டு அங்கயே உக்காந்திருந்தோம். அதுக்கப்புறம் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை கூட்டிட்டு தான் வேலை.

பழச பிக்க பல் வெச்ச மம்மட்டி மாதிரி ஒண்ணு வாடகைக்கு கிடைக்கும், அத மோட்டுலேர்ந்து கீழ நோக்கி ஷிங்கிளுக்கு அடியில செருகி நெம்பணும், ஆணியோட வந்துடும். வராத ஆணிய எல்லாம் பிடுங்கணும் இல்லன்னா தட்டி உள்ள இறக்கணும், ஒண்ணு தலை நீட்டிட்டு இருந்தாலும் அது புது ஷிங்கிள அடியிலேர்ந்து குத்தும். முன்பக்கம் சுலபமா வந்துச்சு. பின்பக்கம் பிச்சா அதுக்கு அடியில இன்னொரு கூரை! யாரோ எப்பவோ பழசு மேலயே புதுசு அடிச்சிருக்காங்க, ஏழு ஸ்கொயருக்கு ரெண்டு அடுக்கு. குப்பைத் தொட்டி ஒரு அடுக்குக்கு கணக்கு பண்ணி வாங்கினது, ரெண்டு டன் கிட்டதான் எதிர்பார்த்தேன், கூட முக்கா டன் சேர்ந்துச்சு, தொட்டி நிறைஞ்சு வழிஞ்சு இன்னொரு தடவை வரவழைக்க வேண்டியதாச்சு. கூரையோட பக்கவாட்டு ஓரத்துல டிரிப் எட்ஜ, அதாவது விளிம்புத் தகரத்த, லேசா தூக்கிப் பார்த்திருந்தா எத்தனை அடுக்குன்னு கீழேர்ந்தே எண்ணியிருக்கலாம், அஞ்சு நிமிஷ வேலை.

பிச்ச அன்னிக்கு சாயந்திரம் வானம் சுத்தமா இருந்துச்சு. தார்ப்பாய மூடிட்டு போனோம். ராத்திரி ஒரு தூறல்தான், அரை மணி நேரம். ஆனா நான் தார்ப்பாயோட மேல் ஓரத்த மோட்டுக்கு ரெண்டு அடி கீழ நிறுத்தி ஆணி அடிச்சிருந்தேன், மேலேர்ந்து வந்த தண்ணி முழுக்க தார்ப்பாய்க்கு அடியில புகுந்து நேரா பிளைவுட் மேல ஓடுச்சு. தார்ப்பாய் மோட்ட தாண்டி அந்தப் பக்கம் நாலு அடியாவது தொங்கணும், ஓரத்துல ஒரு கட்டைய வெச்சு சுத்தி அந்தக் கட்டை மேல ஆணி அடிக்கணும், துணி மேல நேரா அடிச்சா காத்து கிழிச்சுடும். அடுத்த நாள் மதியம் வரைக்கும் பலகை காயறதுக்காக சும்மா உக்காந்திருந்தோம். அதுக்கப்புறம் ஒரு முடிவு பண்ணேன், அன்னிக்கு மூட முடியுற அளவு மட்டும்தான் அன்னிக்கு பிக்கிறது.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன். மாடிச் சுவரோரம் இருந்த பழசெல்லாம் எடுத்ததும் பிளைவுட் மேல உளிய வெச்சு அழுத்தினேன், ஊறின ரொட்டி மாதிரி உள்ள இறங்குச்சு. சுவரோட சேருற மூலைல 14 அடி நீளத்துக்கு ஒரே நீட்டுத் தகரம், எல் மாதிரி மடிச்சது, மேல நான் பூசின மூணு தடவை தாரு விரல் தடிமனுக்கு. அங்க ஒரே தகரம் இருக்கவே கூடாது. ஒவ்வொரு வரிசை ஷிங்கிளுக்கும் ஒரு சின்னத் தகரம், அதுக்கு மேல ஷிங்கிள், அதுக்கு மேல அடுத்த தகரம்னு படி மாதிரி ஏறணும், அப்பதான் சுவர்ல வழியுற தண்ணி ஒவ்வொரு படிலயும் ஷிங்கிள் மேலயே வெளிய வந்துடும். நீட்டுத் தகரத்துல ஒரு இடத்துல தண்ணி உள்ள போச்சுன்னா அடி வரைக்கும் வெளிய வர வழியே இல்ல.

அத விட பெருசு கீழ் முனைல. கூரை முடியுது, சுவர் தொடர்ந்து போகுது. சுவரோரமா ஓடி வர்ற தண்ணி அத்தனையும் அங்க கட்டருக்குள்ள திரும்பணும், திருப்பி விடுறதுக்கு வெளிய வளைஞ்ச ஒரு கிக் அவுட் தகரம் இருக்கணும். அது இல்லவே இல்ல. 22 வருஷமா தண்ணி கட்டரோட முனைக்கும் சுவர் பலகைக்கும் நடுவுல நேரா சுவருக்குள்ள போயிட்டு இருந்திருக்கு. சுவர் பலகைய ரெண்டு வரிசை கழட்டினேன், உள்ள மரச்சட்டம் கறுத்து, விரலால கிள்ளினா நார் நாரா வந்துச்சு. உள்ளங்கை அளவுல ஒரு தகரம் இருந்திருந்தா அந்த சட்டம் இன்னிக்கும் நல்லா இருந்திருக்கும். நான் மூணு தடவை தார் பூசினது தண்ணிய தடுக்கல, வெளிய வர இருந்த கொஞ்ச நஞ்ச வழியையும் அடைச்சிருக்கு. இது எனக்கு ரொம்ப நாள் உறுத்தும்.

மரச்சட்டத்துல உளுத்ததை வெட்டி எடுத்துட்டு பக்கத்துல புதுச சேர்த்து அடிச்சேன். பிளைவுட் நாலு ஷீட் மாத்த வேண்டியிருந்துச்சு. அதுல ஒரு ஷீட் குளியலறைக்கு மேல, அங்க ஒழுகலே இல்ல, ஆனா அடிப்பக்கம் கறுப்பு பூசணம். அட்டிக்ல போய் பார்த்தா குளியலறை ஃபேனோட குழாய் வெளிய போகாம அட்டிக்குள்ளயே வாய திறந்துட்டு கெடக்கு, ஈரக்காத்து முழுக்க பலகைலயும் ஆணி முனைலயும் போய் படிஞ்சிருக்கு. அதுக்கு கூரைல தனி வாய் வெட்டி மூடி வெச்சேன். பிளைவுட் வாங்கும்போது அரை அங்குலம்னு ஊகத்துல வாங்கிட்டேன், பழசு 5/8, பக்கத்துல வெச்சா படி தெரியுது, திருப்பிக் கொடுத்து மாத்தினேன். ஷீட்டுக்கும் ஷீட்டுக்கும் நடுவுல 1/8 அங்குலம் இடைவெளி விடணும், ஒரு ஆணிய நடுவுல நிக்க வெச்சு அளவு பார்த்துக்கிட்டேன், ஈரத்துல பலகை ஊதும்போது முட்டி மேல எழும்பாம இருக்கும்.

அடுத்து கீழ் விளிம்புல டிரிப் எட்ஜ், அதுக்கு மேல அண்டர்லேமென்ட், அதாவது ஷிங்கிளுக்கு அடியில விரிக்கிற ஷீட். பக்கவாட்டு ஓரத்துல மட்டும் தலைகீழ், அண்டர்லேமென்ட் மொதல்ல, டிரிப் எட்ஜ் அது மேல. பள்ளம் ரெண்டுலயும், சுவரோரமும், கீழ் விளிம்புலயும் பின்னாடி பசை இருக்குற ரப்பர் ஷீட், ஒட்டிட்டா திரும்ப வராது, அதனால பாதி பேப்பர மட்டும் உரிச்சு ஒரு பக்கம் ஒட்டிட்டு அப்புறம் மிச்சத்த உரிங்க. பனி உறையுற ஊர்ல இந்த ஷீட் கீழ் விளிம்புலேர்ந்து வெளிச்சுவர தாண்டி உள்ள 24 அங்குலமாவது போகணும்.

முதல் வரிசைக்கு அடியில போற ஸ்டார்ட்டர் பட்டைய ஒரு பக்கம் 20 அடிக்கு திருப்பி அடிச்சுட்டேன், பசைக் கோடு கீழ் ஓரத்துல வரணும், நான் மேல வர்ற மாதிரி வெச்சுட்டேன், முதல் வரிசை ஷிங்கிளோட விளிம்பு அந்தப் பசைலதான் ஒட்டணும், ஒட்டலன்னா காத்து மொதல்ல பிடிக்கிறது அங்கதான். அத கழட்டி மறுபடி அடிச்சேன்.

அப்புறம் ஆணி. நாலு வரிசை வேகமா போச்சு, நெயில் கன் சத்தமே ஒரு உற்சாகம். அஞ்சாவது வரிசைக்கு கோடு விழ பொடி நூல் அடிக்கும்போது மச்சினன் கீழ் வரிசைல ஒரு ஷிங்கிள ரெண்டு விரலால தூக்கினான், தூக்கின கையோட வந்துடுச்சு. "மாமா, இது நிக்காது போலருக்கே" ன்னான். குனிஞ்சு பார்த்தேன். ஆணித்தலை ஷிங்கிளுக்குள்ள புதைஞ்சு, சுத்தி வட்டமா கண்ணாடி நார் அறுந்து, தலை நேரா பலகைல போய் உக்காந்திருக்கு, ஷிங்கிள பிடிச்சுட்டு நிக்க ஒண்ணுமே இல்ல. கன்னுக்கு காத்து கொடுக்குற கம்ப்ரஷர் பிரஷர் 110 psiல நின்னுச்சு. அது மட்டும் இல்ல, பாதி ஆணி கோட்டுக்கு மேல ஒரு அங்குலம் தள்ளி இருக்கு. இந்த ரெட்டை அடுக்கு ஷிங்கிள்ல ஆணி போட ஒரு குறுகல் பட்டை கோடு போட்டிருக்கும், அங்கதான் ரெண்டு அடுக்கும் சேருது, அங்க அடிச்சாதான் ஆணி ரெண்டையும் பிடிக்கும், அடி வரிசையோட தலையையும் பிடிக்கும். மேல அடிச்சா ஒரு அடுக்குதான், வெயில்ல பசை இளகினா கீழ் அடுக்கு தனியா வழுக்கி இறங்கிடும்.

நாலு வரிசையையும் கழட்டினோம். அரை நாள் போச்சு. பிரஷர 90க்கு இறக்கி, கன்ல இருக்குற ஆழத் திருகிய ஒரு துண்டுப் பலகைல பத்து ஆணி அடிச்சு சரி பண்ணேன், தலை ஷிங்கிளோட மட்டமா உக்காரணும், நகத்தால தடவினா இடறவும் கூடாது குழியும் தெரியக் கூடாது. வெயில் ஏறினா ஷிங்கிள் இளகி அதே பிரஷர்ல ஆணி இன்னும் உள்ள போகுது, மதியத்துக்கு மேல மறுபடி திருகணும். ஷிங்கிளுக்கு நாலு ஆணி போதும்னு அட்டைல போட்டிருந்துச்சு, காத்து அடிக்கிற பக்கம்ங்கறதால நான் ஆறு போட்டேன். ஆணி 1 1/4 அங்குலம், பலகைய துளைச்சு அடியில முனை தெரியணும். அதுக்கப்புறம் ஒவ்வொரு வரிசையும் 5 5/8 அங்குலம் வெளிய தெரியுற மாதிரி, ரெண்டு வரிசைக்கு ஒரு தடவை நூல் அடிச்சு, பக்கத்து மூட்டுலேர்ந்து 6 அங்குலம் தள்ளி தள்ளி போனோம், அந்தப் பகுதி சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல, இடுப்பு வலிதான். கத்திக்கு கொக்கி பிளேடு வாங்கிக்குங்க, பின்பக்கத்துலேர்ந்து வெட்டுங்க, மேல்பக்க துகள்ல வெட்டினா ரெண்டு வெட்டுல பிளேடு மொட்டையாயிடும்.

பள்ளத்துல ஒரு பக்கத்து ஷிங்கிள் குறுக்கால போய் அந்தப் பக்கம் ஏறணும், இன்னொரு பக்கம் அது மேல வந்து, நடுக்கோட்டுலேர்ந்து ரெண்டு அங்குலம் தள்ளி நேரா வெட்டு. நடுக்கோட்டுக்கு ஆறு அங்குலத்துக்குள்ள ஒரு ஆணியும் கூடாது, நூல் பொடில ரெண்டு பக்கமும் கோடு போட்டு வெச்சுக்கிட்டா கை தவறாது.

சுவரோரம் ஒரு நாள் முழுக்க எடுத்துக்கிட்டேன். 30 தகரம், ஒவ்வொண்ணும் 8 அங்குல நீளம், 4 அங்குலம் சுவர்ல 4 அங்குலம் கூரைல, ஒண்ணு மேல ஒண்ணு ரெண்டு அங்குலத்துக்கு மேல ஏறணும். மொதல்ல கிக் அவுட், அதுதான் எல்லாத்துக்கும் அடியில. சுவர் பலகைய திரும்ப மாட்டும்போது ஷிங்கிளுக்கு ஒரு அங்குலம் மேலயே நிறுத்திட்டேன், தொட்டுட்டு நின்னா தண்ணிய உறிஞ்சும். இந்த ஒரு நாளை யாராவது அவசரப்படுத்தினா கேட்காதீங்க. நடுக்கூரைல ஷிங்கிள் ஒழுகறது அபூர்வம், சுவர், பள்ளம், குழாய், புகைபோக்கி, இந்த மூட்டுங்கள்லதான் வீடு கெடுது.

மோட்டுல காத்து வாய் வெட்டினது கடைசி பெரிய வேலை. அட்டிக் தரை 1400 சதுர அடி, 300 சதுர அடிக்கு ஒரு சதுர அடி கணக்குல 4.67 சதுர அடி வாய் வேணும், அதுல பாதி மேல, பாதி கீழ. மேல 336 சதுர அங்குலம், நான் வாங்கின ரிட்ஜ் வென்ட், அதாவது அந்த வாய் மேல வைக்கிற காத்து மூடி, அடிக்கு 12 சதுர அங்குலம், அப்ப 28 அடி. மோட்டுக்கு ரெண்டு பக்கமும் முக்கால் அங்குலம், ரம்பத்தோட ஆழத்த பலகை தடிமனுக்கு மட்டும் வெச்சு வெட்டினேன், கைமரத்துல பல் படக்கூடாது. கீழ சாஃபிட்ல, அதாவது கூரை நீட்டலோட அடிப்பக்கத்துல, இருக்குற ஓட்டையெல்லாம் அட்டிக் பஞ்சு அடைச்சுட்டு இருந்துச்சு, அத ஒதுக்கி ஒவ்வொரு கைமர இடைவெளிலயும் காத்துக்கு வழி விடுற பட்டை செருகினேன், கீழ காத்து வரலன்னா மேல வாய் வெட்டி என்ன பிரயோஜனம். கூரை மேல இருந்த பழைய பெட்டி வென்ட் மூணையும் பலகை வெச்சு அடைச்சுட்டேன், அது இருந்தா காத்து அங்கயே சுத்திட்டு போயிடும்.

நாலு நாள்னு நினைச்சது ஒன்பது நாள். செலவ பத்து பங்குன்னு வெச்சா ஷிங்கிள், ஸ்டார்ட்டர், மோட்டுத் துண்டு எல்லாம் சேர்த்து அஞ்சு, அண்டர்லேமென்ட், தகரம், ரிட்ஜ் வென்ட் ரெண்டு, குப்பைத் தொட்டி ஒண்ணரை, வாடகை சாமானும் பெல்ட்டு கயிறும் ஒண்ணு, பலகை அரை. குப்பைத் தொட்டிக்கு அவ்வளவு போகும்னு எதிர்பார்க்கல, முன்னாடியே அடுக்க எண்ணியிருந்தா ஒண்ணுல முடிஞ்சிருக்கும். அடுத்த தடவைன்னு ஒண்ணு வந்தா, மோட்டுக்கு மேல தொங்குற அளவு பெரிய தார்ப்பாய் மொத நாளே வாங்குவேன், முழங்காலுக்கு ஸ்பாஞ்ச் பேட் மொத நாளே வாங்குவேன், அஞ்சாவது நாள் இல்ல. சுவரோர பிளைவுட்ட பிக்கிறதுக்கு முன்னாடியே அட்டிக்லேர்ந்து குத்திப் பார்த்து எத்தனை ஷீட் மாத்தணும்னு தெரிஞ்சுக்குவேன்.

காந்த உருளைய வீட்ட சுத்தி நாலு தடவை ஓட்டினேன், நாலாவது தடவையும் 11 ஆணி வந்துச்சு, குழந்தைங்க செருப்பில்லாம ஓடுற இடம், அதனால இந்த வாரம் மறுபடி ஓட்டுவேன். சீலிங் கறைய இன்னும் பெயின்ட் அடிக்கல, அத சுத்தி பென்சில்ல ஒரு கோடு போட்டு தேதி எழுதி வெச்சிருக்கேன். இன்னிக்கு காலைல மழை விடறதுக்கு முன்னாடி குடை பிடிச்சுட்டு போய் அந்த மூலைய பார்த்தேன், சுவரோரமா ஓடி வர்ற தண்ணி கிக் அவுட்ல முட்டி, வெளிய வளைஞ்சு, கட்டருக்குள்ள கை தடிமனுக்கு ஊத்துது. என் மனைவி ஜன்னல திறந்து "இன்னும் எவ்வளவு நேரம் நிப்பீங்க, உள்ள வாங்க" ன்னு கூப்பிடற வரைக்கும் அதையே பார்த்துட்டு நின்னேன். மிச்சம் ரெண்டு கட்டு இருக்கு, லாட் நம்பர் தெரியுற மாதிரி கராஜ் ஓரத்துல படுக்க வெச்சிருக்கேன்.